நிலாவுக்கு 615 கோடி: பெருமைப்படலாமா, கூடாதா?

அரைக்கிணறு:
2023 ஆகஸ்ட் 23 மாலை 6:04க்கு, 615 கோடி செலவில் போன சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலாவில் தரை தொட்டபோது நானும்தான் கத்தினேன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது, மறைக்கவில்லை. அன்று ராத்திரியே சித்தப்பா கேட்டார், "இதனால உனக்கு என்னடா கிடைச்சுது?" பதில் வரவில்லை. வாட்ஸப்பில் ஒரு கோஷ்டி வல்லரசு ஆகிவிட்டோம் என்று குதிக்கிறது, இன்னொரு கோஷ்டி சோற்றுக்கு வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் ஒரு கேடா என்கிறது. இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
முதலில் காசு. 2024-25 பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்குச் சுமார் 13,000 கோடி, மத்திய அரசின் மொத்தச் செலவு 48 லட்சம் கோடி. நூறு ரூபாயில் 27 பைசா. இதை நிறுத்தினால் அந்தப் பைசா அப்படியே சோறாக மாறிவிடும் என்று சித்தப்பாவே நம்பமாட்டார். அதேசமயம் "எவ்வளவு சிக்கனமா முடிச்சோம் பாத்தியா" என்று மார்தட்டுவதும் எனக்குப் பிடிக்காது. நம் ஆட்களுக்குச் சம்பளம் குறைவு, அது ஒன்று. நிலாவுக்கு நேராகத் தூக்கிப் போடுகிற அளவு பெரிய ராக்கெட் இல்லை, அது இன்னொன்று. அதனால்தான் பூமியைச் சுற்றிச் சுற்றி மெல்ல உயர்ந்து 40 நாள் கழித்து இறங்கினோம். அப்பல்லோ 11 நாலே நாளில் இறங்கியது.

தென்கடலான்:
நான் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன், எங்கள் வீட்டில் எல்லாரும் தங்குகடல் தொழில், பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது. நிலாவைப் பற்றி எனக்குத் தெரியாது, மீனைப் பற்றிச் சொல்கிறேன். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் பார்த்த கடல் நிறத்தையும் வெப்பத்தையும் வைத்து, பாசி எங்கே திரண்டிருக்கிறதோ அங்கே மீன் கூடும் என்று கணக்குப் போட்டு, எந்தத் திசை, கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று அனுப்புகிறது. தினமும் பலிக்காது, சில நாள் டீசல் காசுகூடத் தேறாது. ஆனால் சும்மா தேடி அலைவது குறைந்திருக்கிறது.

அப்புறம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. மேலே செயற்கைக்கோள் புயலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்குச் சேதி சொல்ல வழி இல்லை, செல்போன் சிக்னல் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்தோடு சரி. எங்கள் தெருவிலேயே திரும்பி வராதவர்கள் உண்டு. அதற்கு அப்புறம்தான் செயற்கைக்கோள் வழியாகவே படகுக்குச் சேதி வருகிற கருவிகள் வந்தன. பெருமை எல்லாம் சரி தம்பி, அந்தக் கருவி பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் இன்னும் சத்தமாகக் கைதட்டியிருப்பேன்.

அரைக்கிணறு:
அண்ணே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் நீங்கள் சொல்வது பூமியைப் பார்க்கிற செயற்கைக்கோள்கள். சித்தப்பா கேட்பது நிலா.

மகேந்திரகிரி_மேகம்:
நம் விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாயே நிலாவுக்குப் போட்டி போடுவது நம் வேலை இல்லை என்று சொன்னவர்தான், இறங்கிய கலத்துக்கு அவர் பெயரை வைத்தது ஒரு வேடிக்கை. ஆனால் இரண்டையும் அப்படிப் பிரித்துவிட முடியாது. சந்திரயான்-3ஐத் தூக்கிய அதே எல்விஎம்-3 ரக ராக்கெட்தான் அந்த வருஷம் மார்ச்சில் ஒன்வெப் என்கிற இன்டர்நெட் கம்பெனியின் 36 செயற்கைக்கோள்களைக் காசு வாங்கிக்கொண்டு மேலே விட்டது. அதில் இருக்கிற விகாஸ் எஞ்சின் நம் திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் எரித்துச் சோதிக்கிற எஞ்சின், நம் இன்னொரு ராக்கெட்டான பிஎஸ்எல்வியிலும் அதுதான்.

எனக்குப் பெருமை எதில் என்றால், 2019இல் சந்திரயான்-2இன் கலம் நிலாவில் விழுந்து நொறுங்கியதற்கு அப்புறம் செய்த வேலையில். கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், முன்பு அரை கிலோமீட்டர் சதுரத்துக்குள் இறங்கு என்று சொன்னதை 4 கிலோமீட்டருக்கு 2.4 என்று அகலமாக்கினார்கள். தவறிப்போனால் என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்த வேலை அது. டிவியில் அதை யாரும் காட்டவில்லை, கொடியைத்தான் காட்டினார்கள்.

அரைக்கிணறு:
இதை அப்படியே சித்தப்பாவுக்கு அனுப்புகிறேன், திட்டு வந்தால் இங்கே போடுகிறேன். தென்கடல் அண்ணே, உங்கள் படகில் அந்தக் கருவி இருக்கிறதா?

தென்கடலான்:
எங்களதில் இருக்கிறது. மச்சான் படகுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை.