கட்டுகிற இடத்துக்கு நாம் என்ன செய்யலாம்? – தம்பியின் கேள்விக்குப் பதில்

சங்க உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு தம்பி எனக்குத் தனியாக எழுதியிருந்தார். "அண்ணா, சொந்தமாக வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. தொழில் செய்கிற இடத்து மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு சொல்கிறது. எவ்வளவு நன்கொடை கொடுத்தால் முறையாக இருக்கும்?" என்று கேட்டார். இந்தத் தொழிலில் நம்மவர்கள் பல நாடுகளில் இருக்கிறீர்கள். அதனால் அவர் சம்மதத்தோடு எல்லோருக்குமாகவே பதில் எழுதுகிறேன்.

தம்பி, பணம் எந்தத் தொழில்காரரும் கொடுக்கலாம். கொத்தனார், தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று நாலு பேரைக் காலையில் ஒரு போனில் கூப்பிட்டு ஓர் இடத்துக்கு அனுப்ப உங்களால்தான் முடியும். நன்கொடைத் தொகையைக் கணக்குப் போடுவதற்கு முன்னால், அவர்களுடைய மாதச் சம்பளத்தில் ஒரு நாளை அக்கம்பக்கத்துக்கு என்று ஒதுக்குங்கள்.

நான் சைட்டில் இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு எதிரில் வயதான தம்பதி இருந்தார்கள். அந்த அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. வாசலில் இரண்டே படி, மொத்தம் முப்பது சென்டிமீட்டர் உயரம். அந்த இரண்டு படியால் எட்டு மாதமாக அவர் தெருவைப் பார்க்கவில்லை. எங்கள் மேஸ்திரி நல்ல மனிதர், "ஒன்றரை மீட்டரில் ஒரு சரிவு போட்டுவிடலாம் சார், அரை நாள் வேலை" என்றார். அவ்வளவு செங்குத்தாகப் போட்டால் ஏற்றும்போது பின்னால் இருப்பவர் மூச்சு வாங்குவார், இறக்கும்போது நாற்காலி கையை மீறி ஓடும். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்பதுதான் பொதுவான கணக்கு. முப்பது சென்டிமீட்டருக்கு மூன்று மீட்டர் அறுபது வேண்டும். வாசலுக்கு நேரே அவ்வளவு இடம் இல்லை. சுவரை ஒட்டித் திருப்பிவிட்டோம். ஓரத்தில் சக்கரம் நழுவாமல் இருக்கச் சின்னக் கட்டை எழுப்பி, கான்கிரீட் இறுகுவதற்குள் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்து வழுக்காமல் செய்தோம். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி விட்டோம். எட்டாம் நாள் சாயங்காலம் அந்த அம்மா கேட் ஓரமாக வந்து உட்கார்ந்து, நாங்கள் சாரம் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கட்டிய வீடுகள் பல மறந்துவிட்டன. அந்தச் சரிவு மறக்கவில்லை.

குளியலறைக் கைப்பிடியும் அதே மாதிரிதான். கீழே விழுவதால் உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் அதிகம் முதியவர்கள். கைப்பிடி என்றால் டைல் மேல் ஒட்டுகிற ரகம் வேண்டாம். டைலைத் துளைத்து, உள்ளே சுவரில் பிடிக்கிற மாதிரி பிளக் வைத்து முடுக்கிவிட்டு, உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். கழிப்பறைப் பக்கம் ஒன்று, குளிக்கிற பக்கம் ஒன்று. பழகிய ஆளுக்கு ஒரு மணி நேர வேலை.

அப்புறம் மிச்சப் பொருள். உடைசலுக்கு என்று நூற்றுக்குப் பத்து டைல் கூடுதலாக வாங்குகிறோம், வேலை முடிந்ததும் பாதி அப்படியே நிற்கிறது. கதவு, ஜன்னல், வாஷ்பேசின் எல்லாம் அப்படித்தான். ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி அமைப்பு இதற்கென்றே 'ரீஸ்டோர்' கடைகள் நடத்துகிறது. முதல் கடை 1991-இல் கனடாவின் வின்னிபெக்கில் திறந்தது. மிச்சத்தை நன்கொடையாகப் பெற்று மலிவாக விற்று, வரும் பணத்தை வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டப் போடுகிறார்கள். பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் லாரியை நேரே அங்கே விடுங்கள். மிச்ச சிமெண்டைக் கொடுப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மூன்று மாதம் மூட்டையிலேயே கிடந்தால் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அதைக் கொடுத்து யாரோ ஒருவர் தூண் எழுப்பினால் பாவம் நம்மைச் சேரும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு, ஈயம் கலந்த பழைய பெயிண்ட் அடித்த மரம் இவற்றை யாருக்கும் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அக்கம்பக்கம் என்றதும் வேலிக்கு வெளியே பார்க்கிறோம். வேலிக்கு உள்ளே, மணல் குவியலில் விளையாடுகிற சித்தாளின் குழந்தை கண்ணில் படுவதில்லை. 1969-இல் டெல்லியில் மீரா மகாதேவன் ஒரு கட்டுமான இடத்தில் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்துத்தான் 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பைத் தொடங்கினார். தாய் கல் சுமக்கும் இடத்திலேயே குழந்தைக்குப் பால், தூக்கம், பாடம். குழந்தைகளோடு ஆட்கள் வந்து தங்கி வேலை செய்கிற சைட் என்றால், நிழலான ஓர் அறை, ஒரு ஆயா, குடிதண்ணீர் மூன்றையும் திட்டச் செலவிலேயே எழுதிவிடுங்கள். இதைத் தர்மக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடுங்கள். கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லி இலவசமாக மண் சுமக்க விடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். லாரி ஏறி உடைந்த தெருவைச் சரிசெய்வதும், சிமெண்ட் பால் இறங்கி அடைத்த சாக்கடையைத் தூர்வாருவதும் நம் கடமை. அதற்கெல்லாம் பெயர்ப்பலகை வைக்காதீர்கள்.

சரி தம்பி, இந்த வாரம் சைட்டைச் சுற்றி ஒரு நடை போய், எந்த வாசலில் யார் சிரமப்படுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சரிவு போடுவதாக இருந்தால் படியின் உயரம், வாசலின் அகலம், முன்னால் இருக்கும் இடம் மூன்றையும் அளந்து அனுப்புங்கள். அன்றிரவே வரைந்து அனுப்பிவிடுகிறேன். மற்றவர்களும் அனுப்பலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்