வேர்த்துக் கொட்டாத எடைப் போர்வை உண்டா?

கொட்டாவி:
படுத்தால் என் உடம்பு கொதிக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்தில் படுக்கிறவர்கள் "என்ன, அடுப்பு மாதிரி இருக்கிறாய்" என்று தள்ளிப் படுப்பார்கள். ஆனால் மேலே ஏதாவது கனமாக இருந்தால்தான் தூக்கம் வருகிறது. துவைத்து வந்த துணிக் குவியலை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிப்போயிருக்கிறேன், சிரிக்காதீர்கள். அதனால்தான் 9 கிலோவில் ஒரு எடைப் போர்வை வாங்கினேன். என் எடை 68. முதல் அரை மணி நேரம் சொர்க்கம். ராத்திரி 2 மணிக்கு விழித்தபோது முதுகு முழுக்க நனைந்து பனியன் ஒட்டிக்கொண்டிருந்தது, நெஞ்சிலும் ஈரம். உதைத்துத் தள்ளலாம் என்றால் அதுவும் நகரவில்லை, 9 கிலோ அல்லவா! மேல்துணி ஒரு பக்கம் வெல்வெட் மாதிரி புசுபுசு, இன்னொரு பக்கம் வழவழ. லேபிளில் 100% பாலியஸ்டர் என்று இருக்கிறது, உள்ளே ஏதோ மணிகள் நெருடுகின்றன. திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. "கூலிங்" என்று போட்டு விற்கிறார்களே, அது உண்மையா? மூங்கில் துணி? கயிறு மாதிரி பின்னியது? ஒரு வெயில் காலம் முழுக்கப் போர்த்திப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஊசிநூல்:
யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். நான் தையல் வேலை செய்கிறவள், கிழிந்துபோய்த் தைக்க வந்த எடைப் போர்வைகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு துணிதான், உள்ளே போனால் மேலும் கீழும் பாலியஸ்டர் பஞ்சு, நடுவில் மணி. மணி சலசலக்காமல் இருக்கவும் உடம்பில் நெருடாமல் இருக்கவும்தான் அந்தப் பஞ்சு. ஆக நீங்கள் போர்த்தியிருப்பது எடை மட்டும் இல்லை, ஒரு ரஜாய். வேர்க்காமல் என்ன செய்யும்?

மணி எதனால் ஆனது என்று முதலில் கேளுங்கள். கண்ணாடி மணி என்றால் நைஸ் மணல் மாதிரி, 1 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். பிளாஸ்டிக் குருணை தண்ணீரில் மிதக்கிற அளவுக்கு லேசு, கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு. அதனால் அதே 9 கிலோவுக்குக் கண்ணாடி மணி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடத்தைத்தான் பிடிக்கும், போர்வையும் மெல்லிசாக இருக்கும், பஞ்சும் குறைவாகப் போதும். அப்புறம் கட்டம் கட்டமாகத் தைத்திருப்பார்கள் இல்லையா, அந்தக் கட்டம் உள்ளங்கை அகலத்துக்கு மேல் போனால் மணியெல்லாம் ஒரு மூலையில் போய்க் குவிந்துவிடும்.

மேல்துணிக்கு எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. துணியை வாயோடு ஒட்டவைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் கையில் காற்றுப் பட்டால் நல்லது, கன்னம் உப்பினால் வேண்டாம். பருத்தி என்று சொன்னால் மட்டும் போதாது, பளபளவென்று வழுக்குகிற சாட்டின் நெசவுப் பருத்தியைவிட ஒன்று மேலே ஒன்று கீழே என்று போகிற சாதா நெசவில்தான் காற்று நன்றாகப் போகும். இழை எண்ணிக்கை அதிகம் என்று பெருமையாகப் போட்டிருந்தால், நெருக்கி நெய்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேர்க்கிறவருக்கு அது பெருமை இல்லை.

ராக்கோழி:
"கூலிங்" பற்றி நான் சொல்கிறேன், அதில் ஏமாந்தவன் என்ற தகுதியில். தொட்டதும் ஜில்லென்று இருக்கிற துணி, நம் தோலின் சூட்டை வேகமாக உறிஞ்சுகிறது, அதுதான் அந்த ஜில். துணியும் தோலும் ஒரே சூட்டுக்கு வந்ததும் கதை முடிந்தது. எனக்கு அது பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மெழுகு மாதிரி உருகிச் சூட்டை வாங்கிக்கொள்கிற பொருளைத் துணியில் சேர்க்கிற வகையும் உண்டு. அது உருகுகிற வரைக்கும் வேலை செய்யும், எல்லாம் உருகியபின், மறுபடி ஆறினால்தான் உண்டு. உங்கள் மேலேயே கிடக்கும்போது எங்கே ஆறும்?

மூங்கில் துணி பெரும்பாலும் விஸ்கோஸ்தான். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்குகிறார்கள், மூங்கிலின் குணம் ஏதும் அதில் மிஞ்சியிருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். ஆனால் மிருதுவாக இருக்கும், வியர்வையை நன்றாக இழுக்கும், பாலியஸ்டருக்கு எவ்வளவோ தேவலை. இழுத்த ஈரம் காய வேண்டும் என்பதுதான் சிக்கல். சாதாப் போர்வை உடம்பின் மேல் அங்கங்கே கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த இடைவெளியில் காற்று ஓடும். எடைப் போர்வை அந்த இடைவெளியையெல்லாம் அமுக்கி அடைத்துவிடுகிறது. எடை தருகிற சுகமும் புழுக்கமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அதனால் ஓட்டை இருக்கிற போர்வைதான் உங்களுக்குத் தோது. எதை வாங்கினாலும் பாதத்தை வெளியே விடுங்கள், தூங்கும்போது உடம்பு சூட்டை இறக்குவதில் கைகால்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்றாம்சாமம்:
என்னிடம் பின்னல் போர்வை இருக்கிறது, இரண்டு வெயில் காலம் ஆயிற்று. கட்டைவிரல் தடிமனுக்குப் பருத்திக் கயிறு, பெரிய பெரிய கண்ணிகள், உள்ளே மணியே கிடையாது, துணியின் எடைதான் எடை. மின்விசிறிக் காற்று அப்படியே உள்ளே வருகிறது. குறை இல்லாமல் இல்லை. கால் கட்டைவிரல் கண்ணியில் மாட்டும். பூனை ஒரு முறை ஏறி இறங்கினால் போதும், ஒரு முழம் வெளியே இழுத்துப் போட்டிருக்கும். துவைத்துக் கொடியில் போட்டால் தன் எடையாலேயே நீண்டு இழுத்துக்கொள்ளும், விரித்துப் போட்டுத்தான் உலர்த்த வேண்டும். ஈரமானால் எடை எங்கேயோ ஏறிவிடும், உங்கள் வாஷிங் மெஷினின் கொள்ளளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: பார்ப்பதற்குப் பின்னல் மாதிரியே இருக்கும் சிலவற்றில் அந்தக் கயிறே பாலியஸ்டர் குழாய், அதற்குள் பஞ்சும் மணியும். லேபிளைப் படியுங்கள்.

கொட்டாவி:
எல்லோருக்கும் நன்றி. ஊதிப் பார்த்தேன், கன்னம் உப்பியது. 68 கிலோவுக்கு 9 கிலோ அதிகமா?

ராக்கோழி:
உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமாகச் சொல்கிற கணக்கு, அப்படிப் பார்த்தால் 7 கிலோ போதும். அது சட்டம் ஒன்றும் இல்லை. ஸ்வீடனில் தூக்கமின்மையோடு மனச்சோர்வு, பதற்றம் மாதிரி பிரச்சினைகளும் உள்ள 120 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. அதில் ஒரு பிரிவுக்கு 8 கிலோ போர்வை, கனம் தாங்காதவர்களுக்கு 6 கிலோ. இன்னொரு பிரிவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க 1.5 கிலோ. 4 வாரத்தில் கனமான போர்வைக்காரர்களுக்குத் தூக்கம் நன்றாகவே கூடியது. எனக்குப் பிடித்த விஷயம், அதில் எடைக்கு வைத்திருந்தது மணி இல்லை, உலோகச் சங்கிலி. அளவையும் பாருங்கள், கட்டில் அளவுக்கு வாங்காமல் உங்கள் அளவுக்கு வாங்குங்கள். ஓரம் தொங்கினால் ராத்திரி முழுக்கச் சரிந்துகொண்டே இருக்கும்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்சினையோ ஆஸ்துமாவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போர்த்த வேண்டாம். கைக்குழந்தை பக்கத்தில் படுத்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

ஒற்றைத்தலையணை:
எல்லோரும் போர்வையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் எழுதியதைத் திரும்பப் படியுங்கள், "முதுகு முழுக்க நனைந்து" என்கிறார். போர்வை இருந்தது மேலே. கொட்டாவி, நீங்கள் மல்லாந்து படுப்பவரா? கீழே என்ன மெத்தை?

கொட்டாவி:
ஆமாம், மல்லாந்துதான். மெமரி ஃபோம். ஏன்?

ஒற்றைத்தலையணை:
பாதிக் குற்றவாளி அதுதான். அந்த ஃபோம் உடம்பின் வடிவத்துக்கு அமுங்கிக் கட்டிக்கொள்ளும், சூடு வெளியேற வழி இருக்காது. மேலே 9 கிலோ வைத்து அமுக்கினால் இன்னும் ஆழமாகப் புதைவீர்கள். ஒரு ராத்திரி அதே போர்வையோடு வேறு மெத்தையில் படுத்துப் பாருங்கள்.

கொட்டாவி:
நேற்று கூடத்தில் பழைய பஞ்சு மெத்தையை விரித்து, அதே போர்வை, அதே பனியனோடு படுத்தேன். 4 மணி வரை விழிக்கவில்லை. முதுகு காய்ந்திருந்தது, நெஞ்சும் கழுத்தும் மட்டும் சொதசொத. ஆக இரண்டு பேர் மேலும் தப்பு. போர்வையை இன்று மூட்டை கட்டிவிட்டேன், 7 கிலோவில் பருத்திப் பின்னல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெத்தையைத்தான் யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள். மூன்றாம்சாமம், பூனை இழுத்த கண்ணியை எப்படி உள்ளே தள்ளினீர்கள்? எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன.

மூன்றாம்சாமம்:
வெட்டிவிடாதீர்கள், பிரிந்து வந்துவிடும். பக்கத்துக் கண்ணிகளை ஒவ்வொன்றாக இழுத்து அந்த நீளத்தைப் பங்கு போட்டால் அடங்கிவிடும், கால் மணி நேர வேலை. இரண்டு பூனை என்றால் அரை மணி.