வறண்ட டென்பின் தடத்தில் பந்து பாதியிலேயே வளைந்துவிடுகிறது: நிற்கும் இடத்தை மாற்றுவதா, பந்தை மாற்றுவதா?

வினா: பத்தாம்பலகை

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் டென்பின் பவுலிங் (பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் ஆட்டம்) ஆடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வலக்கை ஆட்டக்காரன், நான்கு காலடி எடுத்து வைத்துப் பந்தை விடுகிறேன். என்னிடம் உள்ளது 14 பவுண்டு எடையுள்ள ரியாக்டிவ் ரெசின் பந்து (தடத்தைப் பற்றி வளையும் பிசின் மேற்புறம் கொண்டது) ஒன்றுதான். வாங்கும்போதே அதன் மேற்புறம் 2000 எண் தேய்ப்பு வட்டால் தேய்க்கப்பட்டு மங்கலாக இருந்தது. நானும் அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

நான் வழக்கமாகச் செல்லும் நிலையம் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் உள்ளது. அங்கே குடும்பங்களும் நண்பர் குழுக்களும் பொழுதுபோக்காக ஆடுவதே மிகுதி என்பதால், தடங்களுக்கு நாள்தோறும் எண்ணெய் இடும் வழக்கமில்லை. எண்ணெய் இட்ட நாளில், இடக்காலை வலமிருந்து 20ஆம் பலகையில் (தடம் நீளவாட்டில் அடுக்கிய குறுகிய பலகைகளால் ஆனது) வைத்து நின்று, தடத்தில் உள்ள இரண்டாவது அம்புக்குறியின் மேல், அதாவது வலமிருந்து 10ஆம் பலகையின் மேல் உருட்டினால், பந்து முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடையே சரியாக நுழைகிறது. சில நாள்கள் கழித்துச் சென்று, அதே இடத்தில் நின்று அதே கோட்டில் உருட்டினால், பாதித் தடத்திலேயே திரும்பி முதல் பின்னின் நெற்றியில் மோதுகிறது, அல்லது அதையும் தாண்டி இடப்பக்கம் போய்விடுகிறது. சென்ற வாரம் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை 4-6-7-10 பிளவு (அந்த எண்ணுள்ள நான்கு பின்கள் இரு பக்கமும் பிரிந்து நிற்பது) விழுந்தது. 160 புள்ளிகள் எடுப்பவன் 118இல் முடித்தேன்.

வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். திரையில் என் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. தெரிந்த ஒருவர் தம் பழைய பந்தை விற்பதாகவும் சொல்கிறார். எதை முதலில் செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: உள்கோடு

வணக்கம் நண்பரே. காசு செலவழிப்பதற்கு முன்பும், கையை மாற்றுவதற்கு முன்பும் காலை மாற்றுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்த சொற்கள் "அதே இடத்தில் நின்று அதே கோட்டில்" என்பவைதான். தடம் மாறிய பிறகு நாம் மாறாமல் நின்றால், எவ்வளவு ஒழுங்காக வீசினாலும் பந்து அதே தவற்றை ஒழுங்காகத் திரும்பச் செய்யும்.

பந்தை விடும்போது கால் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. பொதுவாக நிலையங்களில் இடப்படும் எண்ணெய் ஏறத்தாழ 40 அடி வரைதான் செல்கிறது. அதிலும் நடுப்பலகைகளில் தடித்தும் ஓரப்பலகைகளில் மெலிந்தும் இருக்கும். எண்ணெய் உள்ள இடத்தில் பந்து வழுக்கிச் செல்கிறது. எண்ணெய் இல்லாத இடத்தில் தடத்தைப் பற்றித் திரும்புகிறது. உங்கள் பந்து போன்ற ரியாக்டிவ் பந்துகள் உருளும்போதே எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால், பலரும் ஆடும் 10ஆம் பலகைச் சுற்றுவட்டாரம்தான் முதலில் வறளும். ஆகவே இன்னும் எண்ணெய் மிஞ்சியிருக்கும் இடப்புறத்துக்கு நீங்கள் நகர வேண்டும்.

எவ்வளவு நகர்வது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. காலை இரண்டு பலகை இடப்புறம் வைத்தால், குறியை ஒரு பலகை இடப்புறம் வையுங்கள். அம்புக்குறிகள் ஏறத்தாழ 15 அடி தொலைவில் இருப்பதால், பந்து செல்லும் புதிய கோடு பழைய கோட்டை 30 அடி அருகே வெட்டிக்கொண்டு, அதற்கு அப்பால் சற்று வலப்புறமாகச் செல்லும். அதாவது, திரும்பி வருவதற்குப் பந்துக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். முதல் பின்னின் நெற்றியில் சற்றே மோதினால் 22, 11 என்று நகருங்கள். இடப்பக்கமே தாண்டினால் தயங்காமல் 24, 12 என்று நகருங்கள். மூன்றாவது அம்புக்குறியான 15ஆம் பலகை வரைக்கும் இப்படிச் செல்லலாம், அப்போது உங்கள் கால் 30ஆம் பலகையில் இருக்கும். புதியவர்கள் அவ்வளவு தூரம் நகர அஞ்சுகிறார்கள். நானும் முதல் ஆண்டில் அஞ்சினேன். அங்கே நின்று ஆடும்போது தோளும் இடுப்பும் குறியை நோக்கித் திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். உடல் பின்களை நோக்கியபடியே இருந்தால் கை உடலுக்குக் குறுக்கே இழுத்துக்கொள்ளும். நகர்ந்த பயன் முழுவதும் வீணாகும்.

வேகத்தைப் பற்றி: கூட்டலாம், ஆனால் தோள் பலத்தால் கூட்டக் கூடாது. தோளால் தள்ளினால் காலும் கையும் ஒன்றாக வந்து சேர்வது கெடும். பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தொடக்க நிலையில் பந்தை இடுப்பருகே வைத்திருப்பவர் மார்பு உயரத்துக்கு உயர்த்திக்கொண்டால் ஊசல் தானாகவே நீளும், வேகமும் மணிக்கு ஓரிரு கிலோமீட்டர் கூடும். கடைசி இரண்டு காலடிகளைச் சற்று விரைவாக எடுத்து வைப்பதும் உதவும். வறண்ட தடத்தில் அந்தச் சிறு வேறுபாடே போதுமானது.

மறுமொழி: யூரித்தேன்காரர்

மேலே எழுதியவர் கால் நகர்வைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் அது பலன் தருவதற்கு நடுப்பலகைகளில் எண்ணெய் மிஞ்சியிருக்க வேண்டும். நாள்கணக்கில் எண்ணெய் இடாத தடத்தில் இடமும் வலமும் ஒரே வறட்சியாக இருந்தால், நீங்கள் 30ஆம் பலகைக்குப் போனாலும் பந்து முதல் 20 அடியிலேயே தடத்தைப் பற்றிக்கொள்ளும். அந்த நிலையில் பந்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

மங்கலான மேற்புறம் கொண்ட பந்து வறண்ட தடத்தில் தன் ஆற்றலை முன்னதாகவே செலவழித்துவிடுகிறது. பின்களை அடையும்போது அதன் பக்கச் சுழற்சி தீர்ந்து, வெறுமனே நேராக உருண்டுகொண்டிருக்கும். சரியான இடத்தில் மோதியும் 10ஆம் பின் அசையாமல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். எனவே புதிய பந்து வாங்குவதற்கு முன், இருக்கும் பந்தையே, பந்துகளில் விரல் துளையிடும் கடையில் கொடுத்து, இன்னும் நுண்ணிய 4000 எண் வட்டால் தேய்த்து, அதன்மேல் மெருகு இடச் சொல்லுங்கள். அதே பந்து பல அடிகள் கூடுதலாக வழுக்கிச் செல்லும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மெருகிட்ட ரியாக்டிவ் பந்து எண்ணெய் முடியும் இடத்தைத் தாண்டியதும் வெடுக்கென்று திரும்பும் இயல்புடையது. உங்கள் தடத்தின் முன்பகுதி வறண்டிருந்தால் மெருகு நன்மை தரும். முன்பகுதியில் எண்ணெய் நன்றாக இருந்து, பின்பகுதியில் மட்டும் பந்து கூர்மையாகத் திரும்புகிறது என்றால் மெருகு தொல்லையைப் பெருக்கவே செய்யும். அத்தகைய தடத்துக்குத்தான் 1980களில் புகழ்பெற்ற யூரித்தேன் பந்து இன்றும் பயன்படுகிறது. அது எண்ணெயை அதிகம் உறிஞ்சாது, திரும்பும்போதும் வில் போல மெல்ல வளையும். ஆகவே முதலில் பந்து எந்த இடத்தில் திரும்பத் தொடங்குகிறது என்பதை நின்று பாருங்கள். பந்தை விட்டதும் பின்களைப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வறண்ட நாளில் கண் தடத்தின்மேல் இருக்க வேண்டும்.

கையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மணிக்கட்டை உள்நோக்கி மடித்துப் பந்தைத் தாங்கினால் சுழற்சி கூடும். நேராகவோ சற்றுத் தளர்வாகவோ வைத்தால் குறையும். விரல்கள் பந்தின் பக்கவாட்டில் சுற்றி வராமல், கடிகாரத்தின் 6 மணி நிலையில், பின்னாலேயே இருந்து விடுபட்டால் வளைவு வெகுவாகக் குறையும். மணிக்கட்டுக் கவசம் அணிபவராக இருந்தால் வறண்ட நாளில் அதைக் கழற்றி வைத்துப் பாருங்கள்.

வினா கேட்டவர்: பத்தாம்பலகை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 10ஆம் பின் நிற்பதைப் பற்றி நான் எழுதவே இல்லை, ஆனால் அது உண்மை. ஆட்டத்துக்கு மூன்று முறையாவது நிற்கிறது. விற்பனைக்கு வந்திருக்கும் அந்தப் பழைய பந்தும் ரியாக்டிவ் வகைதான். அதில் விரல்களுக்கான மூன்று துளைகளுடன் நான்காவதாக ஒரு துளையும் இருக்கிறது. விலை குறைவு. வாங்கலாமா?

மறுமொழி: இடக்கை

வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நான்காவது துளை எடையைச் சமன் செய்வதற்காக முன்பு இடப்பட்டது. பிடிப்பதற்குப் பயன்படாத துளை எதுவும் பந்தில் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க பவுலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி. 2020 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதி. அந்த விதியைப் பின்பற்றும் போட்டியில் ஆட நினைத்தால் துளையை அடைக்க வேண்டும். உங்கள் விரல் அளவுக்கு மற்ற துளைகளையும் அடைத்துத் திரும்பத் துளையிட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் விலை குறைவாக இராது. அளவு பொருந்தாத கட்டைவிரல் துளையுடன் ஆடினாலோ, பந்தை இறுக்கிப் பிடித்துப் பிடித்தே கை கெட்டுவிடும்.

இரண்டாவது பந்து வாங்குவதென்றால், எளிய பிளாஸ்டிக் பந்து ஒன்றை உங்கள் விரலுக்குத் துளையிட்டு வாங்குங்கள். அது எந்தத் தடத்திலும் ஏறக்குறைய நேராகவே செல்லும். வறண்ட தடத்தில் புள்ளிகள் வீணாவது ஸ்ட்ரைக் (முதல் வீச்சிலேயே எல்லாப் பின்களையும் வீழ்த்துவது) தவறுவதால் மட்டுமன்று, மிஞ்சிய ஒற்றைப் பின்னை ரியாக்டிவ் பந்தால் குறிவைத்து, அது வளைந்து விலகிப் போவதாலும்தான். வலக்கை ஆட்டக்காரரான உங்களுக்கு 10ஆம் பின் வலக்கோடியில் இருக்கிறது. இடப்புறம் நின்று தடத்தின் குறுக்கே பிளாஸ்டிக் பந்தை நேராக விட்டால் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று எண்ண வேண்டியதே இல்லை. இடக்கை ஆட்டக்காரனான எனக்கு அது இடக்கோடியில் உள்ள 7ஆம் பின். அந்த ஒரு பந்து வந்த பிறகுதான் என் சராசரி நிலைபெற்றது. தடம் முழுவதும் வறண்டு கிடக்கும் நாளில் முதல் வீச்சுக்கும் அதையே பயன்படுத்தலாம்.

பந்தை ஃபவுல் கோட்டுக்கு அப்பால் ஓரிரண்டு அடி தள்ளித் தாழ்வாக இறக்கினாலும் முன்பகுதி வறட்சியைச் சற்றுத் தாண்டலாம். உயரத் தூக்கிப் போடாதீர்கள். தடம் பழுதாகும், நிலையத்தாரும் நியாயமாகவே கடிந்துகொள்வார்கள்.

வினா கேட்டவர்: பத்தாம்பலகை

சொன்னபடி செய்து பார்த்து வந்து எழுதுகிறேன். பழைய பந்தை வாங்கவில்லை. நேற்று மாலை சென்றபோது தடம் வறண்டே இருந்தது. முதல் ஆட்டத்தில் பின்களைப் பார்ப்பதை விட்டுத் தடத்தைப் பார்த்தேன். பந்து முன்பகுதியில் ஓரளவு வழுக்கி, நடுவில்தான் திரும்பத் தொடங்கியது. இரண்டிரண்டு பலகையாக நகர்ந்து 26ஆம் பலகையில் நின்று 13ஆம் பலகையைக் குறிவைத்தபோது பந்து மீண்டும் உரிய இடத்தில் நுழைந்தது. பந்தை மார்பு உயரத்தில் வைத்துத் தொடங்கியதில் வேகம் 25ஐத் தாண்டியது. மூன்று ஆட்டங்களில் 131, 152, 167 எடுத்தேன். இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் பந்து மறுபடியும் முதல் பின்னின் நெற்றிக்கு வந்தது. முன்பு போலப் பிடிவாதமாக நிற்காமல் 28க்கும் 14க்கும் நகர்ந்தேன். 10ஆம் பின் மட்டும் இன்னும் நிற்கிறது. பந்தை மெருகிடக் கொடுத்திருக்கிறேன், பிளாஸ்டிக் பந்துக்கு விரல் அளவும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் அடுத்த வாரம் கைக்கு வரும்.