புதுப்பிப்பு: முதியவர்களுக்கு ஒன்லைன் தாய் சி, கதிரை விஷயத்தில் ஒரு திருத்தம்

வீட்டிலிருந்தே போனில் தாய் சி (மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி) பழகும் முதியவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கதிரை போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பிழை. சீமெந்துத் தரையில் பாரம் போட்டதும் அது வழுக்கிப் போகும். இருக்கைப் பக்கத்தைச் சுவரோடு முட்ட வைத்து, முதுகுச் சட்டத்தைப் பிடியுங்கள். மரக்கதிரை என்றால் இன்னும் நல்லது.

பழகும்போது வரும் முழங்கால் நோவு பற்றிக் கனபேர் கேட்டிருந்தீர்கள். பாரம் நிற்கிற காலையே திருப்புவது அதற்கு ஒரு காரணம். பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றிவிட்டு, குதியை ஊன்றி விரல்பக்கத்தைத் திருப்புங்கள். முன்னால் அடி வைக்கையில் முதலில் குதி, பிறகு உள்ளங்கால், கடைசியில்தான் பாரம். முழங்கால் விரல்நுனியைத் தாண்டக்கூடாது. சாரத்தையும் சேலையையும் கணுக்காலுக்கு மேலே கட்டுங்கள். முற்றத்து மணல் ஒட்டின காலோடு விறாந்தையில் நிற்க வேண்டாம்.

போனை இடுப்பு உயரத்தில் ஏழெட்டு அடி தள்ளி வையுங்கள். ஆசிரியர் பார்க்க வேண்டியது உங்கள் பாதத்தை, முகத்தை அல்ல! அவர் எதிரே நின்று காட்டினால் இடம் வலம் குழம்பும். முதுகு காட்டிச் செய்யச் சொல்லுங்கள்.

1956இல் சீனாவில் சுருக்கி அமைத்த 24 அசைவுத் தொடரை முழுக்கப் பாடமாக்க அவசரமில்லை. முதல் மாதம் பாரம் மாற்றுவதும் மூன்று நாலு அசைவும் காணும். கிணற்றடியிலும் பஸ் படியிலும் கைகொடுப்பது அதுதான்.

செயற்கைக் கால் போட்டவர்கள் வன்னியில் குறைவில்லை. அவர்களும், பிரஷர் குளுசையால் எழும்பும்போது தலைசுற்றுபவர்களும் கதிரையில் இருந்து செய்யும் முறையில் தொடங்கலாம்.