மறு: ஆன்டகனிஸ்ட்: ‘எதிர்ப்பி’ வேண்டாம், ‘மறிப்பி’ என்போமா?

வணக்கம் நண்பர்களே,

மருந்து வந்து ஒட்டுகிற செல்லின் புரதமான ரிசப்டாருக்கு ‘ஏற்பி’ என்றும், ஏற்பியில் உட்கார்ந்து அதை இயங்கவிடாத மருந்தான ஆன்டகனிஸ்டுக்கு ‘எதிர்ப்பி’ என்றும் இங்கே எழுதியிருந்தீர்கள். ‘ஏற்பி’ சரி, அது பாடநூல்வரை போய்விட்டது. ஆனால் ஆன்டகனிஸ்டை ‘எதிர்ப்பி’ என்று முடித்துவிடாதீர்கள். நாம் பேசுவது நோய் எதிர்ப்புச் செல்களைப் பற்றி. ஆன்டிபாடி ஏற்கெனவே இங்கே எதிர்ப்பொருள், இலங்கையில் பிறபொருளெதிரி. இதற்கு நடுவே ‘எதிர்ப்புச் செல்லின் ஏற்பி எதிர்ப்பி’ என்று எழுதினால் படிக்கிற பிள்ளைக்கு யார் யாரை எதிர்க்கிறார்கள் என்றே புரியாது.

அதைவிட முக்கியம், பொருளே பொருந்தவில்லை. 1979இல் விப்ரான் என்ற ஆய்வாளரின் குழுவினர் மனித ரத்தத்தின் டி செல்களை, அதாவது நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையை, செம்மறி ஆட்டின் சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தார்கள். டி செல்லைச் சுற்றிச் சிவப்பணுக்கள் இதழ் இதழாக ஒட்டிப் பூப்போல நிற்கும், அதுதான் ரோசெட். மார்ஃபின் சேர்த்தால் பூக்கள் குறைந்தன, உடலே சுரக்கிற மெத்தியோனின் என்கெஃபலினைச் சேர்த்தால் கூடின, ஆன்டகனிஸ்டான நலாக்சோனோ இரண்டையுமே நடக்கவிடவில்லை. டி செல்லிலும் ஓப்பியாய்டு ஏற்பி, அதாவது மார்ஃபின் வகைப் பொருள்கள் ஒட்டுகிற ஏற்பி, இருக்கலாம் என்று அவர்கள் எழுதியது இதை வைத்துத்தான். அப்படியென்றால் நலாக்சோன் எதை எதிர்த்தது, கூடுவதையா குறைவதையா? இரண்டையும் இல்லை. அது இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். இதற்கு நம் ஊரில் பெயர் மறியல். நடுரோட்டில் உட்கார்ந்தால் போகிற பஸ்ஸும் நிற்கும், வருகிற பஸ்ஸும் நிற்கும். ஆகவே ‘மறிப்பி’.

அந்த இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஓப்பியாய்டு ஏற்பிகளில் ஒன்றான மியூ ஏற்பியின் குழிக்குள் ஒரு ஆஸ்பார்டிக் அமிலத்தின் எதிர்மின் முனை இருக்கிறது, மருந்தின் நைட்ரஜன் அதில்தான் பிடித்துக்கொள்கிறது. மார்ஃபின் வகை மருந்தான ஆக்சிமார்ஃபோனில் அந்த நைட்ரஜனில் மெத்தில் என்ற சிறு அணுத்தொகுதி, அதை எடுத்துவிட்டு அல்லைல் என்ற கொஞ்சம் நீளமான தொகுதியை வைத்தால் நலாக்சோன். பிடிப்பு அதே இடத்தில்தான், ஆனால் ஏற்பி இயங்காது.

ஏற்பியை இயங்கவைக்கிற அகோனிஸ்டுக்கு ‘தூண்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அதுவும் வேண்டாம். மார்ஃபின் உட்கார்ந்ததும் ஏற்பி இயங்குகிறது, நரம்புச் செல்லோ அடங்குகிறது. வலி குறைவது அதனால்தானே. ‘இயக்கி’ என்றால் ஏற்பியை இயக்குவது என்பதோடு நின்றுவிடும், செல் என்ன ஆகும் என்று வாக்குக் கொடுக்காது. அப்புறம் ஏற்பியை ஓரளவே இயக்குகிற புப்ரெனார்ஃபின் போன்றவற்றுக்குப் ‘பகுதி இயக்கி’ என்பதும் தானாக வந்துவிடும்.

கால்சியம் சேனல் பிளாக்கரும் மறிப்பிதானே என்று கேட்பீர்கள். அது செல்லுக்குள் கால்சியம் நுழைகிற கால்வாயை அடைக்கிறது, அதற்கு ‘அடைப்பி’ இருக்கட்டும். ஒப்புதல் இல்லாதவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.