பழைய கெர்னலும் புதிய ஜிசிசியும்: ஒரு லிங்கர் பிழை

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு):
வணக்கம். ஆர்ம் ப்ராசசர் கொண்ட போர்டு ஒன்றுக்காக லினக்ஸ் 4.14 கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) பில்ட் செய்கிறோம். உபுண்டு 18.04இல் சிக்கலின்றி உருவான அதே சோர்ஸ் கோடு, 22.04க்கு மாறியபின், 'ஒய்ஒய்லாக்' என்னும் மாறி பலமுறை வரையறுக்கப்பட்டுள்ளதாகக் கூறி நின்றுவிடுகிறது. போர்டுக்கான கிராஸ் கம்பைலரை (கணினியில் ஓடி, போர்டுக்கான நிரலை உருவாக்கும் கம்பைலரை) நாங்கள் மாற்றவே இல்லை.

பதில் 1 (வைட்ஃபீல்டு):
கிராஸ் கம்பைலர் மீது குற்றமில்லை. டிவைஸ் ட்ரீயை (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பை) தொகுக்கும் டிடிசி என்ற கருவி உங்கள் கணினியின் சொந்த ஜிசிசி கம்பைலரால் உருவாகிறது; 22.04இல் அது 11ஆம் பதிப்பு. தொடக்க மதிப்பின்றி இரு கோப்புகளில் அறிவிக்கப்பட்ட ஒரே பெயருள்ள குளோபல் மாறிகளை லிங்கர் (கம்பைல் ஆன கோப்புகளை இணைக்கும் கருவி) ஒன்றாக்கிக்கொள்ளும் பழைய சலுகையை, 2020இல் வெளிவந்த ஜிசிசி 10 இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. டிடிசியின் லெக்சரில் (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதியில்) உள்ள ஒய்ஒய்லாக் அறிவிப்பை நீக்கிவிடுங்கள். ஆனால் 4.14இல் முன்கூட்டியே உருவாக்கி வைத்த 'ஷிப்டு' கோப்பே கம்பைல் ஆவதால், மூல லெக்ஸ் கோப்பை மட்டும் திருத்தினால் அதே பிழைதான் மீண்டும் வரும். அந்தப் பழைய சலுகையை மீட்டுத்தரும் 'எஃப்காமன்' என்ற கம்பைலர் கொடியாலும் வேலை நடக்கும். எனினும் அது இத்தகைய பிற பிழைகளையும் மறைத்துவிடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 2 (கோரமங்களா):
மேற்கண்டது சரி. 4.14இன் பிந்தைய ஸ்டேபிள் (பிழை திருத்த) வெளியீடுகளில் இத்திருத்தம் ஏற்கெனவே உள்ளது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கெர்னலுக்கு ஜிலிப்சி (நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படை சி நூலகம்) தேவையில்லை, ஆனால் போர்டில் ஓடும் நிரல்களுக்குத் தேவை. ஜிலிப்சி 2.34 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புடன் டைனமிக்காக (நூலகத்தை உள்ளே சேர்க்காமல், இயங்கும்போது இணையும்படி) லிங்க் செய்த நிரல், பழைய ஜிலிப்சி உள்ள போர்டில் தொடங்கவே தொடங்காது. ஆகவே அந்த நிரல்களை போர்டின் சிஸ்ரூட்டை (போர்டில் உள்ள நூலகங்கள், ஹெடர் கோப்புகளின் நகலை) கொண்டே லிங்க் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஷிப்டு கோப்பைத் திருத்தியதும் பில்ட் முடிந்தது. சிஸ்ரூட்டை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.