டேலி–ஷாப்பிஃபை இணைப்பு: தனியாக எழுதியதா, ஆயத்த கனெக்டரா?

ஆடைக்கடைக் கணக்கர்
எங்கள் ஆடைக்கடையின் இணைய விற்பனை ஷாப்பிஃபையிலும், கணக்கு டேலி பிரைமிலும் நடக்கின்றன. இரண்டையும் இணைக்க ஒரு நிறுவனம் ‘உங்களுக்கென்றே எழுதும் ஒருங்கிணைப்பு’ என்று சொல்லி விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. ஆனால் அவர்கள் காட்டியது எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவான ஒரு திரை. எந்த விற்பனை எந்த லெட்ஜருக்கு (கணக்குத் தலைப்புக்கு) போக வேண்டும் என்று அதில் தேர்ந்தெடுப்பதைத்தான் தனி வேலை என்கிறார்கள். என் பார்வையில் இது ஆயத்த கனெக்டர், அதாவது பலருக்கும் பொதுவாக முன்பே செய்து வைத்த இணைப்பு மென்பொருள். படிவம் நிரப்புவதற்கு நிரல் எழுதும் கூலி கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இணைப்பு நிரலாளர்
அந்தத் திரையை மட்டும் வைத்து முடிவு செய்வதை நான் மறுக்கிறேன். டேலி பெரும்பாலும் அலுவலகக் கணினியில் ஓடுகிறது. பொதுவாக அந்தக் கணினியின் 9000ஆம் போர்ட்டில் (பிற நிரல்கள் தொடர்புகொள்ளும் எண்ணிட்ட வாயிலில்), எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட உரை வடிவில் தரவை வாங்குகிறது. அனுப்பும் வவுச்சரில் (பரிவர்த்தனைப் பதிவில்) உள்ள சரக்கின் பெயர் மாஸ்டரில் (டேலியில் முன்பே ஏற்றிய சரக்குப் பட்டியலில்) இல்லையென்றால் பதிவு ஏறாது. கடையில் ஒரு சட்டைக்கு அளவும் நிறமும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வகைகள் இருக்கும்போது, அவற்றை மாஸ்டரோடு பொருத்துவது பல நாள் உழைப்பு. உங்கள் தரவுக்கென்றே செய்யும் அந்த உழைப்பைத் தனிப்பயன் என்று அழைப்பதில் தவறில்லை.

ஆடைக்கடைக் கணக்கர்
உழைப்பை நான் மறுக்கவில்லை, அதற்கு அமைவுக் கட்டணம் என்று பெயரிட்டுக் கேளுங்கள். தனியாக எழுதியதா என்பதை வணிக விதி எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு அறியலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு, ஓர் உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் ஜிஎஸ்டி. வரி நீங்கலாக 2,700 ரூபாய்ச் சட்டைக்குப் பில்லிலேயே 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் மதிப்பு 2,430 ஆகிறது. வரி 5 சதவீதம்தான். கடைப் பக்கத்தில் பட்டியல் விலைக்கு வரி போட்டிருந்தால், கனெக்டர் அந்தப் பிழையை அப்படியே டேலிக்குக் கடத்திவிடும். தள்ளுபடிக்குப் பிந்தைய மதிப்பைப் பார்த்து விகிதத்தைச் சரிபார்க்கும் விதியை எனக்காக எழுதித் தருவார்களா என்று கேட்டேன். ‘அடுத்த பதிப்பில் பரிசீலிப்போம்’ என்று பதில் வந்தது. என் விதி இன்னொருவரின் பதிப்புக்குக் காத்திருக்குமானால் அது என் மென்பொருள் அன்று.

பராமரிப்புப் பொறுப்பாளர்
உங்கள் முடிவு சரி. ஆனால் ஆயத்தமானது தாழ்ந்தது என்ற தொனியோடு எனக்கு உடன்பாடில்லை. ஷாப்பிஃபை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தன் ஏபிஐயின் (பிற நிரல்கள் அதனோடு பேசும் இடைமுகத்தின்) புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 12 மாத ஆதரவு உண்டு. ஆகவே எழுதி முடித்த இணைப்பையும் அவ்வப்போது யாராவது திருத்தியே ஆக வேண்டும். கனெக்டரில் அந்த வேலையைத் தயாரித்தவர் அனைவருக்குமாக ஒரே முறை செய்துவிடுகிறார், தனியாக எழுதியதில் அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்டர் வந்ததும் ஷாப்பிஃபை இணைப்பு நிரலுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பும்; 5 நொடிக்குள் பதில் கிடைக்காவிட்டால் அதே அறிவிப்பை மீண்டும் அனுப்பும். ஆர்டர் எண்ணைச் சரிபார்க்காமல் எழுதிய நிரல் ஒரே விற்பனையை டேலியில் இரண்டு முறை பதிந்துவிடும். பலர் பயன்படுத்தித் தேய்ந்த கனெக்டர்களில் இத்தகைய ஓட்டைகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். புதிதாக எழுதுபவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இணைப்பு நிரலாளர்
பராமரிப்பைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் இரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது அவ்வளவு எளிதன்று. கனெக்டரின் நடுவே வாடிக்கையாளருக்கான சிறு நிரலைச் செருக இடம் தரும் தயாரிப்புகள் உண்டு. கணக்கர் கேட்கும் வரி விதியை அங்கே எழுதலாம். அப்போது அதை எந்தப் பெயரால் அழைப்பீர்கள்?

ஆடைக்கடைக் கணக்கர்
இரண்டும் கலந்தது என்றே அழைப்பேன். ஒப்பந்தத்திலும் அப்படியே பிரித்து எழுதச் சொல்வேன். கனெக்டருக்கு மாதச் சந்தா, பொருத்தும் வேலைக்கு அமைவுக் கட்டணம், வரி விதிக்கான நிரலுக்குத் தனித்தொகை. அந்த நிரலின் மூலப்பிரதி எங்களிடம் இருக்க வேண்டும். அரசு விகிதத்தை மாற்றும் நாளில் யார், எத்தனை நாளுக்குள் திருத்துவார் என்பதும் எழுத்தில் வர வேண்டும். இவை எல்லாவற்றையும் கேட்டு அந்த நிறுவனத்துக்கு இன்று கடிதம் அனுப்புகிறேன்.